வட்டிலப்பமும் ஒரு பிளாஸ்டிக் கதிரையும்

எனக்கு இனிப்பு பிடிக்கும் என்று சொன்னால் அது குறைத்துச் சொல்வது. தேத்தண்ணியில் சீனி குறைந்தால் கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன், யார் வீடாக இருந்தாலும் சரி. கட்டிப்பால் டின்னை வழித்துத் தின்னாமல் எறிந்ததில்லை. அப்படித் தின்று வளர்த்த உடம்பு கடைசியில் முழங்காலைத் தின்றது. நெற்றியை நிலத்தில் வைக்க ஏலாமல், பிளாஸ்டிக் கதிரையில் இருந்து தொழுகிறவளாகிவிட்டேன். பெருநாள் தொழுகைக்குக் கடற்கரைத் திடலுக்குப் போனால் என் வயதுக்காரிகள் பாயில் நிற்பார்கள். நான் கடைசி வரிசையில், கிழவிகளோடு கதிரையில். அந்த வெட்கத்தை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

சீனி வருத்தத்துக்குப் பார்க்கிற டொக்டர்தான் வாரத்துக்கு ஒரு ஊசி எழுதித் தந்தார். உடம்பும் இறங்கும் என்றார். ஊசி என்றாலே எனக்கு நடுக்கம். என் வீட்டுக்காரர், சீனன்குடாவில் வேலை செய்கிற மனுசன், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து வயிற்றில் குத்திவிடுவார். நான் சுவரைப் பார்த்தபடி ஸலவாத்து ஓதுவேன். முதலில் குமட்டல்தான் இருந்தது. பிறகு ஒரு நாள் தேத்தண்ணியை வாயில் வைத்தால் சீனிப்பாணி குடித்த மாதிரி இருந்தது, துப்பிவிட்டேன். சீனியைக் கொட்டி வைத்திருக்கிறாய் என்று மகளை ஏசினேன். அவள் போட்டது நான் எப்போதும் கேட்கிற அளவுதான்.

உடம்பு இறங்கியது. அபாயா தோளிலிருந்து வழுகியது, பிடித்துத் தைக்கக் கொடுத்தேன். கட்டிலைப் பிடிக்காமல் எழும்பினேன். கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தும் கொண்டேன், ஏன் பொய் சொல்ல வேண்டும்.

ஆனால் எனக்கென்று ஊரில் ஒரு பெயர் இருந்தது. எங்கள் தெருவில் கலியாணமோ பெருநாளோ, இனிப்புக்கு வட்டிலப்பம் என் கையால்தான். நோன்புக்கு முந்தி மைனி வீட்டில், அதாவது என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த ராத்தா வீட்டில், ஒரு விருந்து. கித்துள் கருப்பட்டியைத் தேங்காய்ப்பாலில் கரைத்து, வழமைபோல உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தேன். தித்திப்பு தொண்டையை அடைத்தது. பால் ஊற்றினேன். பிறகும் அடைத்தது, இன்னும் ஊற்றினேன். முட்டை அடித்துச் சேர்த்து அவித்துக் கொடுத்தால், வந்தவர்கள் ஒரு கரண்டி தின்றுவிட்டு வாழைப்பழத்துக்குக் கை நீட்டினார்கள். மைனி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார்.

"இஞ்ச பாரு புள்ள, இது வெறும் முட்ட அவியல். அந்த ஊசி உன்ட நாக்கக் கொண்டு போயிட்டு. அத விட்டிடு."

எனக்கு அழுகை வந்தது. அந்த வெள்ளிக்கிழமை ஊசி வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மூலையில் கிடந்த கதிரையை ஒருதரம் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். நான் வயிற்றைக் காட்டினேன்.

நோன்பு வந்தது, டொக்டரிடம் கேட்டுக்கொண்டு பிடித்தேன். கடைசி நோன்பு அன்று பின்னேரம் அசர் தொழுதுவிட்டுப் பெருநாள் வட்டிலப்பத்தைத் தொடங்கினேன். கருப்பட்டி கரைந்ததும் கரண்டி தானாக உள்ளங்கைக்குப் போனது. நோன்போடு எப்படி நக்கிப் பார்ப்பது? கரண்டியை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். இத்தனை நோன்புப் பெருநாளுக்கும் நோன்போடுதானே செய்தேன். ஊர் புகழ்ந்த பெருநாள் வட்டிலப்பம் எதையும் நான் ருசி பார்த்துச் செய்ததில்லை. கருப்பட்டியைக் கை உடைத்தது, பாலின் நிறத்தைக் கண் பார்த்தது, போதும் என்று அந்த இரண்டும்தான் முடிவெடுத்தன. அன்றும் அவற்றிடமே விட்டுவிட்டேன். நோன்பு திறந்த பிறகும் வேண்டுமென்றே ஒரு துளி நாக்கில் வைக்கவில்லை.

விடிந்ததும் திடலுக்குப் போனோம். எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டுக்காரர் கதிரையை மகனின் ஓட்டோவில் ஏற்றியிருந்தார். நான் அதை ஏறெடுத்தும் பார்க்காமல் நடுவரிசையில் பாயை விரித்தேன். முழங்கால் நோகவில்லை என்று சொல்லமாட்டேன், நொந்தது. ஆனால் மடங்கியது. நெற்றி நிலத்தில் பட்டபோது பாய்க்கடியில் ஈரமணல் குளிர்ந்தது. எழும்ப மனமில்லாமல் எழும்பினேன். அவ்வளவு பெருமையாக இருந்தது எனக்கு.

தொழுகை முடிந்து மைனி எங்கள் வீட்டுக்கு வந்தார். வட்டிலப்பத்தைத் தின்றுவிட்டுத் தட்டை மறுபடியும் நீட்டினார்.

"நாக்கு திரும்பி வந்திட்டுது போல."

"வரல்ல மைனி. இது நோன்போட செஞ்சது."

அவருக்கு அது விளங்கியதோ தெரியாது. நானும் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தேன். தித்திப்பு தாங்க முடியவில்லை. சரியாகத்தான் வந்திருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

வீட்டுக்காரர் ஓட்டோவிலிருந்து கதிரையை இறக்கி, எங்கே வைப்பது என்று கேட்டார். வாற ஆக்கள் இருக்கட்டும், வாசலில் போடுங்கள் என்றேன். மைனிதான் முதல் ஆளாக அதில் குந்தி, அந்த இரண்டாம் தட்டையும் சாப்பிட்டு முடித்தார்.