வாழ்க்கை சம்பந்தமான கேள்வி மட்டும்

போன வார சனிக்கிழமை என்னை மறுபடியும் மேடை ஏற்றிவிட்டார்கள். தாம்பரத்தில் நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்த அதே காலேஜ். ஃபைனல் இயர் பிள்ளைகளுக்குப் பழைய மாணவர்கள் புத்தி சொல்லும் நிகழ்ச்சி. எட்டு வருஷமாகக் கூப்பிடுகிறார்கள், எட்டு வருஷமாகப் போகிறேன். ஏன்? ஒரு சால்வை, ஒரு ஷீல்டு, ஒரு பிரியாணி பொட்டலம்... வீட்டில் ஷீல்டு வைக்க இடமே இல்லை. இருந்தாலும் முடியாது என்று சொல்ல வாய் வர மாட்டேன் என்கிறது.

மேடையில் மூன்று பேர். முதல் ஆள் அமெரிக்காவிலிருந்து லீவில் வந்தவர். "உங்க பேஷன், மனசுக்குப் பிடிச்சது எதுவோ அதைச் செய்ங்க, மத்ததெல்லாம் தானா வரும்" என்றார். இரண்டாவது ஆள் சொந்த பிசினஸ். "வேலை தேடாதீங்க, வேலை கொடுங்க" என்றார். முன்வரிசையில் ஒரு பெண் துப்பட்டாவை வைத்து கொட்டாவியை மறைத்தாள். எனக்கும் வந்தது. புது சால்வை அதற்காவது உதவியது.

மூன்றாவது நான். குடிதண்ணீர், போர் தண்ணீர் எல்லாம் டெஸ்ட் பண்ணும் ஒரு லேபில் முப்பத்தாறு வருஷமாக வேலை பார்க்கிறேன். என் பேச்சு எப்போதும் ரெடி. "ஜி.எஸ்.டி. ரோட்டுல நான் ஏறி இறங்காத கம்பெனி கிடையாது. வெயில்ல நடையா நடந்தேன். செருப்பு தேஞ்சுது, நம்பிக்கை தேயலை." இந்த இடத்தில் கைதட்டல் வரும். இந்த வருஷமும் வந்தது. சொல்லச் சொல்ல எனக்கே அலுப்பாக இருந்தது.

அப்புறம் கேள்வி நேரம். பின்வரிசையில் ஒல்லியாக ஒரு பெண் எழுந்தாள். பெயர் ஜெனிஃபர் என்று சொன்னாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"மேடம், உங்க லேப்ல இப்ப ஆள் எடுக்கறாங்களா?"

ஹாலே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. ஹெச்.ஓ.டி. சார் பதறிப்போய் இன்னொரு மைக்கை எடுத்தார்.

"அதெல்லாம் இங்க கேக்கக் கூடாதும்மா. வாழ்க்கை சம்பந்தமான கேள்வி மட்டும் கேளு."

"சார், இதுதான் சார் என் வாழ்க்கை."

சிரிப்பு நின்றுவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "முயற்சி பண்ணா கண்டிப்பா கிடைக்கும்மா, ஆல் தி பெஸ்ட்" என்றேன். அதற்கும் கைதட்டினார்கள் — நம் ஊரில் கைதட்டலுக்கு என்றைக்குப் பஞ்சம் வந்திருக்கிறது? அவள் மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள்.

நிகழ்ச்சி முடிந்து கேட்டுக்கு வெளியே பொட்டலமும் ஷீல்டுமாக ஆட்டோவுக்கு நின்றேன். ஃபைலை அணைத்துக்கொண்டு ஜெனிஃபர் ஓடி வந்தாள்.

"சாரி மேடம். மேடையில கேட்டது தப்புதான். ஆனா வேற எங்க கேக்கறதுன்னு தெரியல."

அனகாபுத்தூர் பெண். அப்பா இல்லை. அம்மா நர்சரி ஸ்கூல் டீச்சர். தம்பி இப்போதுதான் ப்ளஸ் டூ முடித்திருக்கிறான். "ஒருத்தரைத்தான் படிக்க வைக்க முடியும்னு அம்மா சொல்லிட்டாங்க மேடம். அதனால எம்.எஸ்ஸி.க்கு நான் அப்ளிகேஷனே போடல. ஜூலைக்குள்ள வேலை கிடைக்கலன்னா சித்தப்பாவோட துணிக்கடையில பில் போட உக்காரணும். அங்க உக்காந்துட்டா அப்புறம் கெமிஸ்ட்ரி அவ்ளோதான்."

கொஞ்சம் தயங்கிவிட்டு இன்னொன்றும் கேட்டாள். "நீங்க நிஜமாவே நடந்து நடந்துதான் வேலை வாங்கினீங்களா மேடம்?"

சாமி! இப்படியா கேட்பாள் ஒரு பெண்?

இல்லை. நான் நடந்தது நாலே கம்பெனி. நாலிலும் வாட்ச்மேனைத் தாண்டவில்லை. அப்புறம் என் டிபார்ட்மெண்டில் மூன்று வருஷம் சீனியரான ரஃபீக் அண்ணாவைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அவர் அப்போது இந்த லேபில் இருந்தார். என் பயோடேட்டாவை வாங்கிக்கொண்டு போனார். மேனேஜரிடம் என்ன சொன்னாரோ, எப்படிக் கெஞ்சினாரோ, இன்று வரை எனக்குத் தெரியாது. அடுத்த திங்கட்கிழமை வேலையில் சேர்ந்துவிட்டேன்.

எட்டு வருஷ மேடையில் ஒரு தடவைகூட அவர் பேரைச் சொன்னதில்லை. அவரைச் சேர்த்தால் கதையில் என் செருப்பு தேயாதே! அண்ணா ரிட்டையர் ஆகி பள்ளிக்கரணையில்தான் இருக்கிறார். போன ரம்ஜானுக்கு ஒரு வாழ்த்து அனுப்பினேனா என்றுகூட ஞாபகமில்லை. வெட்கமாக இருந்தது. அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு ரெஸ்யூமேயை வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை மேனேஜர் ரூம் வாசலில் பத்து நிமிஷம் நின்றேன். இத்தனை வருஷத்தில் யாருக்கும் நான் சிபாரிசு பண்ணியதில்லை. கொள்கை என்று சொல்லிக்கொள்வேன். கொள்கையாவது ஒன்றாவது... பயம்தான். வந்த ஆள் சொதப்பினால் என் பேர் கெடுமே!

மேனேஜருக்கு என் பையன் வயது. ரெஸ்யூமேயைப் புரட்டினார். "ரெண்டு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ் வேணும்னு ஹெட் ஆபீஸ் ரூல் மேடம்."

"ஊர்ல எல்லாரும் ரெண்டு வருஷம் கேட்டா, அந்த முதல் ரெண்டு வருஷத்தை எந்தக் கடையில சார் வாங்கறது?"

சிரித்துவிட்டார். புதன்கிழமை வரச் சொல்லுங்கள் என்றார்.

வந்தாள். அயர்ன் பண்ணிய சுடிதார், இறுக்கிப் பின்னிய தலை. ஒரு தண்ணீர் சாம்பிளைக் கொடுத்து டைட்ரேஷன் பண்ணச் சொன்னார்கள். லேப் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்தேன். அவள் சொட்டுச் சொட்டாக விட்டு, கலர் மாறிய அந்த நொடியில் நிறுத்தினாள். மூன்று தடவை பண்ணினாள். மூன்றிலும் ஒரே அளவு. மேனேஜருக்குப் பரம திருப்தி.

வியாழக்கிழமை ஹெட் ஆபீஸிலிருந்து மெயில் வந்தது. எக்ஸ்பீரியன்ஸ் உள்ளவரையே எடுக்கவும்.

அவளுக்கு நான்தானே சொல்லியாக வேண்டும்? போனை எடுத்தேன். 'தோல்விதான் வெற்றிக்கு...' என்று வாய் ஆரம்பிக்கப் பார்த்தது. பழக்கதோஷம். முழுங்கிவிட்டு, "கிடைக்கலைம்மா" என்றேன்.

"பரவால்ல மேடம். நிறைய பேர் ரெஸ்யூமே வாங்கிட்டுப் போனாங்க. திரும்பக் கூப்பிட்டது நீங்க மட்டும்தான்" என்றாள்.

அழுகையே வந்துவிட்டது எனக்கு. வேலை வாங்கிக் கொடுக்க முடியாதவளுக்கு எதற்கம்மா இந்த மரியாதை? பழைய ஃபிரெண்ட்ஸ் ஆறு பேருக்குப் போன் போட்டேன். "ரெஸ்யூமே அனுப்பு, பார்க்கலாம்" என்றார்கள் எல்லோரும். இந்தப் 'பார்க்கலாம்' என்ன லட்சணம் என்று எனக்குத் தெரியாதா? நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்!

அதனால் இந்த வாரம் உங்களுக்கு அறிவுரை எதுவும் இல்லை. ஒரு விண்ணப்பம்தான். வாரா வாரம் என் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களில் யாராவது லேப் வைத்திருப்பீர்கள். பெருங்குடி, கிண்டி, மறைமலை நகர்... எங்கே இருந்தாலும் பஸ் பிடித்து வந்துவிடுவாள். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. அனுபவம் பூஜ்யம். ஜூலைக்கு அதிக நாள் இல்லை. இந்தப் பத்திரிகை முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அவள் ஏதாவது சொதப்பினால் அவளைத் திட்டாதீர்கள்... அதையும் எனக்கே எழுதுங்கள்!