கடலை இல்லாத சாக்லேட்

வேணியக்காவுக்குப் பயம் புதிதல்ல. ஊட்டி கமர்ஷியல் ரோட்டில் அவரைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் முதலில் தெரிவது அதுதான். மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறினால் மலையடிவாரத்துக் கல்லாறு தாண்டும்வரை கண்ணைத் திறக்கமாட்டார். பனி இறங்கி எதிர்க்கடை மறைந்துவிட்டால் பேச்சை நிறுத்திவிடுவார். நகராட்சிக்காரர்கள் பிளாஸ்டிக் பை தேடி வருகிற நாட்களில், கடையில் ஒரு பை கூட இல்லாதபோதும், நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

"ஊட்டியில வேர்க்கற ஒரே ஆளு நம்ம வேணிதான்" என்பார் பக்கத்தில் மொறுமொறு வர்க்கி பிஸ்கட் விற்கிற பாலாமணி.

அக்கா பிறந்தது குன்னூர் பக்கத்து வெலிங்டனில். அப்பா ராணுவ முகாமின் சமையல்கூடத்தில் சிவிலியன் ஊழியர். பத்தாவது பரீட்சை எழுதப் போனவர் ஹால் வாசலிலேயே மயங்கி விழுந்து திரும்பி வந்தாராம். கல்யாணமாகி ஊட்டிக்கு வந்த பிறகு, ஒரு வீட்டுச் சமையலறையில் சாக்லேட் ஊற்றப் போய்த் தொழிலைக் கற்றுக்கொண்டார். இப்போது சொந்தமாக ஒரு சிறிய கடை. முன்னால் கண்ணாடிப் பெட்டி, பின்னால் சாக்லேட் உருக்குகிற அடுப்பு. கணவர் நல்லசிவம் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார். அவர் மலையிறங்கிய நாட்களில் கீழே சேர்ந்துவிட்டேன் என்று போன் வரும்வரை அக்கா சோற்றில் கை வைக்கமாட்டார்.

நான் வேதியியலில் பட்டம் வாங்கிவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். எங்கள் தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளில் கல்லூரி முடித்த முதல் ஆள். சீசனுக்கு மட்டும் அக்காவின் கடையில் பெட்டி கட்டி, பெயர் எழுதி ஒட்டுகிறேன். "படிச்ச புள்ள எழுத்து அச்சாட்ட இருக்குதுங்க" என்று அக்கா வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். எனக்குக் கூச்சமாக இருக்கும்.

மே மாதத்தில் அந்தத் தெருவில் நடக்கவே முடியாது. வெந்த சோளத்தின் ஆவி, மிளகாய் பஜ்ஜி, தைல வாசனை, வர்க்கி. வாங்க வருகிறவர்களும் ஒருவிதப் பயத்தோடுதான் வருகிறார்கள். சமவெளிக்குப் போவதற்குள் உருகிவிடுமா? வர்க்கி நமுத்துப் போகுமா? ஆபீஸில் இத்தனை பேருக்குக் காணுமா? பக்கத்துக் கடையில் விலை குறைவோ? ஒரு பெட்டியைக் கையில் எடுத்துவிட்டு, இன்னொரு பெட்டியைப் பார்த்துக்கொண்டே, மூன்றாவதை வாங்கிப் போவார்கள்.

ஆனால் அன்று வந்த அந்த அம்மாவின் பயம் வேறு மாதிரி. விருதுநகர்ப் பக்கத்துக்காரர். கையைப் பிடித்தபடி ஆறு வயதுப் பையன், அவன் தலையில் புதுச் சிவப்புக் குரங்குக் குல்லா. பஜ்ஜிக் கடையில் என்ன எண்ணெய் என்று கேட்டார். கடலை எண்ணெய் என்றதும் பையனை இழுத்துக்கொண்டு நகர்ந்தார். பாலாமணி நீட்டிய வர்க்கியை மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"என்னங்க, பூ மாதிரி மோந்துட்டுக் குடுக்கறீங்க?" என்றார் பாலாமணி.

அந்த அம்மா எங்கள் கடைக்கு வந்தார். பையனின் கண் கண்ணாடிப் பெட்டியை விட்டு நகரவில்லை.

"இதுல கடலை, முந்திரி எதுவும் இல்லாதது இருக்காம்மா? இவனுக்கு ஆகாது. போன வருசம் ஒரு துண்டு கடலை மிட்டாய் தின்னு மூச்சே நின்னுபோச்சு. ஆஸ்பத்திரியில வச்சுத்தான் மீட்டோம்."

அக்காவின் முன்னால் அப்போது ஏழெட்டுக் கைகள் நீண்டிருந்தன. எடை போட்டுக்கொண்டே சொன்னார்: "பிளெயின் எடுத்துக்குங்க கண்ணு. அதுல ஒண்ணுமே இல்லீங்க."

நான் பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். மேலே என் எழுத்தில் 'பிளெயின்' என்று இருந்தது.

"இப்ப ஒண்ணு திங்கட்டுமாம்மா?"

"ரயில் கெளம்பட்டும். ஏறி உக்காந்து தின்னலாம்."

"மதிய ரயிலு, நேரமாச்சு" என்று கூட்டத்துக்குள்ளிருந்து அப்பா குரல் கொடுத்தார். போய்விட்டார்கள்.

கொஞ்சம் கூட்டம் குறைந்ததும் அக்கா பின்னால் போய் அடுத்த ஊற்றலுக்கு உட்கார்ந்தார். நான் காலிப் பெட்டிகளை எடுக்கப் போனேன். அக்கா சல்லடையைக் கையில் பிடித்தபடி அசையாமல் இருந்தார்.

எங்கள் கடையில் உடைசல் வீணாவதில்லை. வெட்டும்போது உடைகிற துண்டுகள், மூலை நொறுங்கியவை, கடலை வைத்தது, முந்திரி வைத்தது, எல்லாம் ஒரு பாத்திரத்தில் சேரும். நிறைந்ததும் அதை உருக்கிச் சல்லடையில் ஊற்றுவோம். பருப்பு மேலே நின்றுவிடும். கீழே இறங்குவது பளபளவென்று சுத்தமாக இருக்கும். அதைத்தான் பிளெயின் என்று வார்ப்போம். அக்கா கற்றுக்கொண்ட சமையலறையில் அப்படித்தான் செய்தார்களாம். பருப்பு கண்ணுக்குத் தெரியாவிட்டால் பருப்பு இல்லை.

சல்லடையில் கடலைத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. அதன் தூள் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"கண்ணு" என்றார் அக்கா. "அந்தப் பையன்."

பெயர் தெரியாது. போன் நம்பர் தெரியாது. ரயில் என்பது மட்டும் தெரியும். அடுப்பை அணைத்தோமா என்றுகூட நினைவில்லை. "கடையப் பாத்துக்க" என்று பாலாமணியிடம் கத்திவிட்டு அக்கா ஓடினார். நான் பின்னால் ஓடினேன். முனையில் சில்வஸ்டர் அண்ணனின் ஆட்டோ நின்றது.

"என்னக்கா இந்த ஓட்டம்? ஊட்டுக்காரரு வேன கவுத்துட்டாரா?"

"வாயக் கழுவுடா! ஸ்டேஷனுக்கு உடு!"

எப்போதும் 'மெதுவா, மெதுவா' என்று அவர் தோளைத் தட்டுகிற அக்கா அன்று 'வேகமா, வேகமா' என்று தட்டினார். மார்க்கெட் பக்கம் வந்ததும் ஆட்டோ நின்றுவிட்டது. முன்னால் டூரிஸ்ட் பஸ்கள், பின்னால் டூரிஸ்ட் பஸ்கள். சில்வஸ்டர் அண்ணன் ஹாரனை அழுத்தினார், இறங்கித் திட்டினார், ஒன்றும் நடக்கவில்லை.

அக்கா இறங்கிவிட்டார். யாராவது கையைப் பிடித்தால்தான் ரோட்டைக் கடப்பவர், இரண்டு பஸ்களுக்கு நடுவே புகுந்து போனார்.

எனக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் மனம் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. ரயில் கிளம்பினால் லவ்டேல், கேத்தி. குன்னூரில் ஆஸ்பத்திரி இருக்கிறது. குன்னூர் தாண்டிப் பெட்டியைப் பிரித்தால்? அடுத்து வரும் ரன்னிமேடு ஸ்டேஷனுக்குக் கீழே காடுதான், சுரங்கம்தான். இஷ்டத்துக்கு இறங்க முடியாத ரயில். அந்தப் பையனின் தொண்டையைப் பற்றி நினைக்கக்கூடாது என்று நினைத்தேன், அதையே நினைத்தேன். வடிகட்டியில் எது நிற்கும், எது இறங்கும் என்று மூன்று வருடம் படித்தேன். அந்தச் சல்லடையை எத்தனை முறை நானே பிடித்திருக்கிறேன். ஒரு முறையாவது தோன்றியதா? படித்தது என்றால் என்ன? பரீட்சை எழுதியதா?

ரயில் கூவியது. அக்கா "ஐயோ" என்றார். நிற்கவில்லை.

நடைமேடையில் ரயில் இன்னும் நின்றிருந்தது. நீலப் பெட்டிகள், ஒவ்வொரு அறைக்கும் தனிக் கதவு. அக்கா ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்த்தார். சிவப்புக் குல்லா ஒன்று தெரிந்தது, பெண் குழந்தை. அடுத்த அறையில் இரண்டு சிவப்புக் குல்லாக்கள். அதற்கடுத்து இன்னொன்று. அந்த சீசனில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே குல்லாவைத்தான் வாங்கியிருந்தார்கள். அக்கா அழ ஆரம்பித்தார்.

கடைசிப் பெட்டியில் இருந்தார்கள். பையனின் மடியில் எங்கள் பெட்டி. பிரித்திருந்தது. ஒரு துண்டு இருந்த இடம் காலி.

"சாமி! வாயத் தொற, வாயத் தொற!" அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

பையன் மிரண்டு அம்மாவோடு ஒட்டிக்கொண்டான். "யாரும்மா நீ?" என்றார் அந்த அம்மா.

"சாக்லேட் கடைங்க. அதுல கடலை இருக்குதுங்க. தெரியாமச் சொல்லிட்டனுங்க."

அந்த அம்மாவின் முகம் வெளுத்தது. பையனின் தாடையைப் பிடித்துத் திருப்பினார். "தின்னியாடா? சொல்லுடா, தின்னியா?"

பையன் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். எனக்கு அவன் மூச்சு மட்டும்தான் கேட்டது.

"அவன் திங்கல" என்றார் எதிரே இருந்த அப்பா. "நான்தான். ஒண்ணே ஒண்ணு."

"சக்கரை முந்நூறு ஓடுது, உங்களுக்குச் சாக்லேட்டா?"

"அதனாலதான் சொல்லாமத் தின்னேன்."

பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. பெட்டியைப் பிடுங்கி அக்காவின் கையில் திணித்தார். "இல்லைன்னு சொன்னீங்களே. உங்களை நம்பித்தானே வாங்குனேன்?"

"சொன்னனுங்க. தப்புங்க" என்றார் அக்கா. சீசன், கூட்டம், உடைசல், ஒன்றையும் சொல்லவில்லை.

பையன் இப்போதுதான் அழுதான். "எல்லாரும் எல்லாம் திங்கறாங்க. எனக்கு ஊட்டியில எதுவுமே இல்ல."

அக்கா ஸ்டேஷன் வாசலை நோக்கித் திரும்பினார். அங்கே பேச்சி என்கிற பெண் கேரட்டைத் தழையோடு கட்டு கட்டாக வைத்து விற்றுக்கொண்டிருந்தார். அக்கா ஒரு கட்டைத் தொடப் போனவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். நகக்கண்ணெல்லாம் சாக்லேட். என் கையைப் பார்த்தார். அதிலும்தான்.

"பேச்சி, நீயே கழுவி நீயே வந்து குடு. எங்க கை படக்கூடாது."

"எங்கையில மண்ணுதான் இருக்குது. பரவால்லியா, மகாராணி?"

"மண்ணு போதும். வா!"

பேச்சி குழாயில் கேரட்டைக் கழுவி, தண்ணீர் சொட்டச் சொட்ட ஜன்னல் வழியாக நீட்டினார். அந்த அம்மா வாங்கி மோந்து பார்த்தார். அக்கா நாலடி தள்ளி நின்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். ரயில் நகர்ந்தபோது பையன் கேரட்டைக் கடித்தான். சத்தம் எங்களுக்குக் கேட்டது.

திரும்பி நடந்தோம். அக்கா மார்க்கெட் அருகே நின்றார்.

"இந்தம்மா எதுக்குன்னு சொல்லிக் கேட்டாங்க. எதுக்குன்னு சொல்லாம, பருப்பு இல்லாததுன்னு மட்டும் கேட்டு வாங்கிட்டுப் போனவங்க எத்தன பேரு கண்ணு? இத்தன வருசத்துல?"

எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிய வழியில்லை. அவர்கள் எல்லாம் சமவெளியில் ஏதேதோ ஊரில் இருக்கிறார்கள்.

கடையில் கூட்டம் காத்திருந்தது. அக்காவின் போன் அடித்தது. நல்லசிவம் அண்ணன் கீழே சேர்ந்துவிட்டார். "செரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். பிளெயின் பெட்டிகளை எல்லாம் எடுத்து உள்ளே கொண்டுபோய் வைக்கச் சொன்னார்.

ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். "ஏம்மா, பருப்பு இல்லாம ஒரு கிலோ போடுங்க."

"இல்லீங்க" என்றார் அக்கா. பிறகு, கூட்டத்தைத் தாண்டிக் கேட்கும்படி சத்தமாக, "எங்ககிட்ட எல்லாத்துலயும் பருப்பு இருக்குதுங்க. யாருக்குங்க வாங்கறீங்க?"

நெற்றியில் வேர்த்திருந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. பதிலுக்குக் காத்திருந்தார்.