மஞ்சள் நீரில் விதை மல்லாட்டை

என் தங்கை மகனின் கைகளே முதலில் எனக்குச் செய்தி சொல்லின. முகம் முகக்கவசத்துள் மறைந்திருந்தது. நான் திண்டிவனத்திலிருந்து கொண்டுசென்ற காய்கறிப் பையை வாங்க வேலிக்கு மேலாக நீண்ட அந்தக் கைகளில், விரலிடுக்குகள் வெடித்திருந்தன; புறங்கை வெளுத்து, மணிக்கட்டுவரை தோல் செதில் செதிலாக உரிந்திருந்தது. களையெடுத்தும் கதிரறுத்தும் காய்ப்பேறிய கைகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவன் நான். உழைப்பால் கை தடிக்கும் என்பதை அறிவேன். இப்படி உரிந்த கையை அதற்குமுன் கண்டதில்லை.

“கைக்கு என்ன நேர்ந்தது?” என்றேன்.

“ஒண்ணுமில்ல மாமா” என்று பையை வாங்கியவன், அதை அப்படியே தரையில் வைத்துவிட்டு, வாசலோரம் ஆவி பறந்துகொண்டிருந்த வாளிக்குள் இரண்டு கைகளையும் முக்கினான். உப்பும் மஞ்சளும் கரைத்த வெந்நீர் அது. அவன் முகம் சுளித்ததைக் கவசத்துக்கு மேலே தெரிந்த கண்களில் கண்டேன்.

தங்கையின் வீடு பெருமுக்கல் மலையடிவாரத்தில் இருக்கிறது. கணவரை இழந்த பின்னர், பிறர் நிலங்களில் கூலி வேலை செய்தே அவள் தன் ஒரே மகனைப் படிக்கவைத்தாள். அவன் சென்னையில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடையொன்றில் வேலைக்கு அமர்ந்தான். கொள்ளைநோயின் இரண்டாம் அலை எழுந்து கடைகள் மூடப்பட்டபோது, நெரிசல் மிகுந்த பேருந்து ஒன்றில் நின்றபடியே ஊர் திரும்பினான். வந்ததும் அவனுக்குக் காய்ச்சல் கண்டு, தானே தணிந்தது. அடுத்து அவளுக்குக் கண்டது, அது தணியவில்லை.

முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவமனையில் உயிர்வளிக் குழாயுடன் அவள் கிடந்த நாள்களில் அவன் அவளை விட்டு அகலவில்லை. முதியவனாகிய என்னை அப்பக்கமே வரவிடாமல் தடுத்துவிட்டு, எல்லாவற்றையும் தான் ஒருவனாகவே பார்த்தான். உணவு ஊட்டினான், படுக்கையைச் சுத்தம் செய்தான், அடுத்த கட்டிலில் இருந்தவர்கள் போர்வை மூடப்பட்டு வெளியே கொண்டுசெல்லப்பட்டபோது, தாயின் கண்ணில் அது படாதவாறு குறுக்கே நின்றுகொண்டான். அவ்வளவு உறுதியாக நின்ற பிள்ளை, தாய் பிழைத்து வீடு திரும்பிய பின்னர்த் தளரத் தொடங்கினான். ஆபத்து நீங்கிவிட்டதென்று நாங்கள் எல்லோரும் மூச்சுவிட்ட அந்த வேளையில், அவன் மட்டும் இன்னும் அந்தக் கட்டிலருகிலேயே நின்றுகொண்டிருந்தான் போலும்.

வாசலில் கயிறு கட்டினான். யாரும் உள்ளே வரலாகாது. பால் பாக்கெட்டு, மருந்துப் பட்டை, தீப்பெட்டி, தாயின் சீப்பு என எதுவாயினும் அந்த வாளியில் மூழ்கி எழுந்தே வீட்டுக்குள் செல்லும். தாய் முற்றத்துக்கு வரவும் தடை. விரலில் மாட்டி உயிர்வளி அளவு பார்க்கும் சிறு கருவி எந்நேரமும் அவன் சட்டைப்பையில் இருந்தது. அவள் இருமினாலும் மாட்டினான், சிரித்தாலும் மாட்டினான். கைதூக்கித் தலைவார இயலாத அவளுக்காகக் கைப்பேசியில் படம் பார்த்துப் பின்னல் போடக் கற்றிருந்தான். தெருவார் கேலி செய்வார்கள் என்று, அதையும் கதவைச் சாத்திக்கொண்டே செய்தான்.

தங்கை ஒருநாள் தொலைபேசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “அண்ணே, எனக்கு நோவு பூடுச்சி. இவன்தான் என்ன நோவுலயே வச்சிக்கினு இருக்கான். நான் கண்ண மூடுனா, மூச்சு வுடுறேனான்னு மாரையே பாத்துக்கினு குந்தியிருக்கான். இவன் தூங்கி நான் பாக்கலண்ணே. எனக்கு வந்தது போயிடுச்சி, இவனுக்கு வந்தது இன்னான்னே தெரியல.”

எனக்கு இன்னொரு குறியும் தெரிந்திருந்தது. சிறுவயது முதலே அவன் என் பேச்சைக் கேலி செய்பவன். நான் மகிழுந்து என்றோ மின்னஞ்சல் என்றோ சொன்னால், “மாமா, தமிழ்ல பேசுங்க, எங்களுக்கும் புரியட்டும்” என்பான். அக்கேலியின்றி நாங்கள் சந்தித்ததே இல்லை. இப்போது நான் எச்சொல்லைச் சொன்னாலும் தலையை மட்டும் அசைத்தான்.

வாரத்தில் இருமுறையேனும் சென்று, கயிற்றுக்கு வெளியே முருங்கை மரத்தடியில் நெகிழி நாற்காலி போட்டு அமர்வேன். தாய் பிழைத்த அதே மருத்துவமனையில் மனத்துக்கும் மருத்துவர் உண்டு, போய் வருவோம் என்று சொல்லிப் பார்த்தேன். “எனக்கு இன்னா மாமா? நான் போயிட்டா அம்மாவ யாரு பாத்துப்பா?” என்றான். தான்தான் தொற்றைக் கொண்டுவந்ததாக ஒருமுறை முணுமுணுத்தான். நீ காரணமில்லை, ஊரெங்கும் பரவிய நோய், எவர் வழி வந்ததென்று எவருக்கும் தெரியாது என்று நான் எத்தனையோ விதமாகச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு வாளியை நோக்கிப் போனான்.

“எனக்கு எதுனா ஆச்சின்னா இவங்களும் பூடுவாங்க. அதனால எனக்கு ஒண்ணும் ஆவக்கூடாது” என்று ஒருநாள் ஏற்ற இறக்கமில்லாத குரலில் சொன்னான். பேருந்தில் திரும்புகையில் அச்சொற்கள் என்னோடே வந்தன. தாயைக் காத்த பிள்ளையை நாங்கள் இழந்துவிடுவோமோ என்ற அச்சம் அன்று என்னுள் புகுந்தது.

ஆடி பிறந்தது. முதல் மழையில் மண் நனைந்ததும், எதிர்வீட்டு அம்மாள் தம் குத்தகைக் கொல்லையில், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையை விதைக்க ஆயத்தமானார். எங்கள் பக்கத்தில் விதைக்கான மல்லாட்டையைக் கையால்தான் உடைப்பார்கள். பொறியில் உடைத்தால் பருப்பின் மேல்தோல் கிழியும். தோல் கிழிந்த பருப்பு மண்ணுக்குள் அழுகும். என் தங்கை உடைத்த விதையில் பழுது இராது என்பது அவ்வூரில் எல்லோரும் ஒப்பிய ஒன்று. படுத்துப் படுத்துச் சலித்துப்போயிருந்த அவள், மகன் குளிக்கச் சென்ற நேரம் பார்த்துச் சன்னல் வழியாகக் குரல் கொடுத்து, தனக்கும் ஒரு கூடை வேண்டுமென்று கேட்டிருக்கிறாள். அம்மாளும் மகிழ்ந்து, ஒரு கூடை மல்லாட்டையைக் கொண்டுவந்து கயிற்றடியில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று காலை நான் அங்கே இருந்தேன். நாளிதழில் ஆழ்ந்திருந்தவன் நிமிர்ந்தபோது, கூடை வெறுமையாகக் கவிழ்ந்திருந்தது. அவ்வளவு மல்லாட்டையும் வாளிக்குள் கிடக்க, மேலும் மேலும் வெந்நீரை ஊற்றிக் கோலால் அழுத்திக்கொண்டிருந்தான். விதையை வெந்நீரில் இட்டால் முளை செத்துவிடும் என்பது அவ்வூரில் பிறந்தவனுக்குத் தெரியாததன்று. அந்த அறிவெல்லாம் அந்நேரத்தில் அவனை விட்டுப் போயிருந்தது. யார் யாருடைய கையோ பட்ட ஒன்று, தாயின் கைக்குச் செல்லவிருக்கிறது என்பது மட்டுமே அவனுக்குத் தெரிந்தது.

நான் எழுவதற்குள் அவள் வெளியே வந்துவிட்டாள். சுவரைப் பிடித்தபடி, பின்னல் பாதியில் அவிழ்ந்து தொங்க, நோயுற்ற பின் முதன்முறையாகத் தானாகவே வாசற்படியைத் தாண்டி வந்து நின்று வாளியைப் பார்த்தாள்.

“டேய், வெதைடா அது.”

அவள் குரல் தெருக்கோடிவரை கேட்டது. கதவுகள் திறந்தன.

“எல்லாரும் தொட்டதும்மா…”

“தொட்டா இன்னாடா? தொடாம வெதைக்க முடியுமா? அந்தம்மா வருசம் பூரா தின்னுற சோறுடா, வாளியில போட்டு அவிச்சி வச்சிருக்க.”

அவன் கோலைக் கீழே போட்டான். அதுவரை அவனிடம் நான் கேட்டிராத ஒரு குரலில் சொன்னான்: “ஒருவாட்டி நான் கொண்டாந்தது போதாதா? நான்தானம்மா உனக்குக் கொண்டாந்து குடுத்தேன்.”

நான் வழக்கமான என் ஆறுதல் மொழியைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“ஆமாண்டா. நீதான் கொண்டாந்த.”

சுவரை விட்டுக் கையை எடுத்து, அவனை நோக்கி ஓரடி வைத்தாள்.

“இருக்கட்டும். அதுக்கு இன்னா இப்ப? பெத்த புள்ள கொண்டாந்தது, வாங்கிக்கினேன். செத்தா பூட்டேன்? இதோ நின்னுக்கினு கத்திக்கினு இருக்கேன். நீயே குடுத்த, நீயே தூக்கிக்கினு ஓடுன, நீயே பீமூத்திரம் அள்ளுன. அதோட முடிஞ்சிபோச்சி. இன்னும் எத்தினி நாளு என்ன நோவாளியாவே வச்சிக்கினு இருப்ப?”

எவரும் அதுவரை அவனுக்கு அப்படி ஒரு விடை அளித்ததில்லை. இல்லை, இல்லை என்றே எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். தன் நெஞ்சில் இருந்ததை ஒருவர் ஆம் என்று ஏற்று, ஏற்றபின்னும் அவனெதிரே நிற்பதை அவன் அன்றுதான் கண்டான்.

கத்திய களைப்பில் அவளுக்கு மூச்சு வாங்கியது. அவன் கை தானாகச் சட்டைப்பைக்குச் சென்றது. அவளே விரலை நீட்டினாள். கருவியில் தெரிந்த எண்ணை அவன் பார்த்தான், மறுபடியும் பார்த்தான். நன்றாக இருக்கும் ஒருவருக்கு இருக்க வேண்டிய எண் அது. கருவியைக் கையில் வைத்தவாறே வாளியருகில் குத்துக்காலிட்டு அமர்ந்து, குலுங்கி அழுதான்.

எதிர்வீட்டு அம்மாள் தெருவைக் கடந்து வந்து, கயிற்றுக்கு வெளியே நின்று வாளியை எட்டிப் பார்த்தார். சினத்தையும் அழுகையையும் எதிர்பார்த்திருந்த எங்களுக்கு அவர் கேட்ட கேள்வி வியப்பாக இருந்தது.

“ஏம்பா, உப்பு போட்டியா?”

அவன் தலையை நிமிர்த்தாமலே, “போட்டேன் அத்த” என்றான்.

“அப்ப இன்னாத்துக்கு அழுதுக்கினு கீற? அப்படியே தூக்கி அடுப்புல வையி. மஞ்சளோட அவிச்ச மல்லாட்டைய எங்க வூட்டுல யாரும் தின்னதில்ல. இன்னிக்கித் தின்னு பாக்கலாம்.”

யாரோ சிரித்தார்கள். பின்னர் என் தங்கை சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடியும் சிரிப்பாயிற்று. அவன் கருவியை மாட்டவில்லை. அழுத கண்களோடு வாளியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குச் சென்றான். அன்று அத்தெருவார் கயிற்றுக்கு அப்புறமும் இப்புறமுமாகத் தள்ளித் தள்ளி அமர்ந்து, மஞ்சள் பூத்த மல்லாட்டையைத் தின்றார்கள். சற்றுக் கைத்தது; ஒருவரும் சொல்லவில்லை. மறுநாள் நான் திண்டிவனத்தில் வேறு விதை வாங்கி அந்த அம்மாளிடம் சேர்த்தேன்.

ஒரு சொல்லால் நோய் தீர்ந்துவிடும் என்று எழுதினால் அது பொய்யாகும். அன்று நான் புறப்படும்போதே அவன் கைகள் மீண்டும் வெந்நீருக்குள் இருந்தன. ஆயினும் பேருந்து நிறுத்தம்வரை என்னுடன் நடந்து வந்தான். அவன் அவ்வளவு தொலைவு வீட்டை விட்டு வந்ததே பெரிது. நிறுத்தத்து மரத்தடியில் நின்றதும், “கழுவக்கூடாதுன்னுதான் மாமா நெனைக்கிறேன். கை நிக்க மாட்டேங்குது. பேஜாரா இருக்குது” என்றான். சற்றுப் பொறுத்து, “அன்னைக்கு சொன்னீங்களே, அந்த டாக்டரு. கூட வர்றீங்களா?” என்று கேட்டான்.

எதிர்வீட்டு அம்மாள் என் தங்கையுடன் இருக்க ஒப்புக்கொண்ட ஒரு காலையில், நானும் அவனும் விழுப்புரம் பேருந்தில் ஏறி முண்டியம்பாக்கத்தில் இறங்கினோம். மருத்துவமனை வாயிலில் அவன் கால்கள் நின்றுவிட்டன. அவ்விடத்தில்தான் அவன் போர்வை மூடிய கட்டில்களைப் பார்த்திருந்தான். நான் அவசரப்படுத்தவில்லை. இளநீர் விற்பவரிடம் ஒன்று வெட்டச் சொல்லி, இருவரும் குடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றோம். பிறகு அவனே முன்னால் நடந்தான்.

உள்ளே ஓர் இளம் பெண் மருத்துவர் அவனுடன் தனியே நெடுநேரம் பேசினார். வெளியில் வந்தவனின் முகத்தில் களைப்பு இருந்தது; பதற்றம் இல்லை. காத்திருந்தோரில் அவன் வயதை ஒத்தவர்கள் பலர் இருந்ததைச் சொன்னான். “ஒரு பொண்ணு மாமா, அவங்க அப்பா மூச்சு வுடுறாரான்னு மூக்குகிட்ட கண்ணாடி வச்சி வச்சிப் பாக்குதாம். அவரு தூங்கவே முடியலன்னு சண்ட போடுறாராம். நான் தேவல” என்றான். தன் துன்பத்துக்குப் பெயரொன்று உண்டு, அது பலருக்கும் வருவது, மருந்தும் பயிற்சியும் உண்டு என்பதே அவனுக்குப் பாதி மருந்தாகியிருந்தது. மருத்துவர் ஆங்கிலத்தில் கூறிய பெயரைச் சொல்லி, அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்றான்.

“எண்ணச் சுழற்சி நோய்” என்றேன்.

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

“தமிழ்ல சொல்லுங்க மாமா.”

பேருந்து வந்து நின்றதையும் நான் கவனிக்கவில்லை. அவன்தான் என் முழங்கையைப் பற்றி ஏற்றிவிட்டான்.

தேறுதல் மெல்லத்தான் வந்தது. கழுவவேண்டும் என்ற எண்ணம் எழும்போது, கொஞ்சநேரம் தள்ளிப்போட்டுப் பார்க்க வேண்டும் என்பது மருத்துவர் கொடுத்த பயிற்சி. சில நாள் இயன்றது. சில நாள் தோற்றான். தோற்ற நாள்களில் என் தங்கை தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்துவாள். கயிறு எப்போது அவிழ்க்கப்பட்டது என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் சென்றபோது அது கொடியாகிச் சேலை காய்ந்துகொண்டிருந்தது.

கார்த்திகையில் மழை விட்ட ஒரு முற்பகலில், அடுத்த பட்டத்துக்கான விதை உடைக்கப் பெண்கள் அவள் வாசலிலேயே கூடியிருந்தார்கள். நடுவில் என் தங்கை அமர்ந்து கைவேகம் குறையாமல் உடைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு முக்காலியில் அமர்ந்து, தெருவே பார்க்க, அவளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தான் அவன்.

“ஏண்டா ராசா, எங்களுக்கெல்லாம் பின்னி வுட மாட்டியா? நாங்க இன்னா பாவம் பண்ணோம்?” என்றாள் ஒருத்தி.

“வரிசையில வாங்க. ஜல்தி வந்தா பூ வச்சி அனுப்புறேன்” என்றான், தலை நிமிராமல்.

“தலைய ஆட்டாதம்மா” என்று தாயை அதட்டவும் செய்தான். தை பிறந்ததும் சென்னைக்கு வேலைக்கு வருவதாகக் கடைக்காரரிடம் பேசியிருப்பதாக என்னிடம் சொன்னான். அதைக் கேட்டும் அவள் கை நிற்கவில்லை.

பின்னல் முடிந்தது. விரல்களிலும் உள்ளங்கையிலும் எண்ணெய் மின்ன அவன் நிமிர்ந்தபோது, எதிர்வீட்டு அம்மாள் தம் மடியிலிருந்து ஒரு பிடி வறுத்த மல்லாட்டையை எடுத்து நீட்டினார். அவன் கண்கள் குழாயடிக்குச் சென்றன. நான் பார்த்தேன், என் தங்கையும் பார்த்தாள். புதுத்தோல் மூடியிருந்த தன் கையை ஒருகணம் நோக்கினான். பிறகு அந்த எண்ணெய்க் கையாலேயே வாங்கி, ஓட்டை நொறுக்கி, பருப்பை வாயில் போட்டுக்கொண்டு, “உப்பே இல்லையே அத்த” என்றான்.