லிஃப்டக்கா

கதவு முழுதாகத் திறப்பதற்குள் ஒரு காலை வெளியே வைத்து, வராந்தாவின் கோடி வரை கழுத்தை நீட்டிப் பார்த்துவிடுவாள். யாரும் ஓடி வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் பொத்தானுக்குக் கை போகும். ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் அவள் லிஃப்டக்கா. லிஃப்டை மாடு மாதிரி விரட்டுகிறாளே என்று நர்ஸுகள் கிண்டல் செய்தால், "வெரட்டலைன்னா அசை போட்டுக்கிட்டு நிக்கும்டி" என்பாள்.

அவசரப் பிரிவு கீழே. ஸ்கேன் மூன்றாம் மாடியில். கீழேயே வைத்திருக்கலாம். அந்த இடத்தை முதலாளி காபிக் கடைக்கு வாடகைக்கு விட்டுவிட்டார். மூளைக்கு ரத்தம் போகாமல் தவிப்பவருக்கும் காபி குடித்துவிட்டு வருபவருக்கும் ஒரே லிஃப்ட். கேட்பார் யார்?

அவள் வீட்டுக்காரருக்கும் பக்கவாதம் வந்தது, தூக்கத்தில். எப்போது தொடங்கியது என்று தெரியாததால் அடைப்பைக் கரைக்கும் ஊசி போட முடியாது என்று அன்று கைவிரித்துவிட்டார்கள். இப்போது பசித்தாலும் கோபம் வந்தாலும் அவர் வாயில் வருவது "ஆமா" ஒன்றுதான். தலையெழுத்து என்று ஆறுதல் சொல்ல வந்தவர்களிடம், "பிரஷர் மாத்திரைய நிறுத்தினது அவரு. தலையெழுத்து நடுவுல எங்க வந்துச்சு?" என்றாள்.

இப்போதெல்லாம், தூங்கி எழும்போதே விழுந்தவரையும் ஸ்கேனில் பார்க்கிறார்கள். மூளையில் காப்பாற்ற இடம் மிச்சமிருந்தால், தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு அடைப்பையே இழுத்தெடுக்கிறார்கள். இதைக் கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவுவதில்லை.

ஒரு நாள் காலை லிஃப்ட் நிறைய முதலாளியின் விருந்தாளிகள், நடுவில் மேனேஜர். ஸ்ட்ரெச்சர் ஒன்று வந்தது. அதில் ஓர் அம்மாள், வாய் ஒரு பக்கம் இழுத்தபடி. எழும்போதே இப்படித்தான் இருந்தது, தூங்கினால் சரியாகும் என்று நானே மறுபடி படுக்க வைத்தேன் என்று மகள் தன்னையே சபித்துக்கொண்டு கூட ஓடி வந்தாள்.

"எல்லாரும் எறங்குங்க," என்றாள் லிஃப்டக்கா.

"யாரு நிக்கிறாங்கன்னு தெரியுதாம்மா?" என்றார் மேனேஜர்.

"தெரியுது சார். எல்லாருக்கும் காலு நல்லாத்தான் இருக்கு. படி அந்தப் பக்கம்."

விருந்தாளிகள் இறங்கினார்கள். மேனேஜர் மட்டும் வீம்புக்கு மூலையில் ஒட்டிக்கொண்டு மூன்றாம் மாடி வரை போனார். நாளையிலிருந்து உனக்குக் கார் நிறுத்துமிடத்தில்தான் வேலை என்று போகும்போதே உத்தரவும் போட்டார். "போறேன் சார், இப்ப வழிய விடுங்க" என்று ஸ்ட்ரெச்சரை அவளே வெளியே தள்ளினாள்.

அதன்பின் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூன்றாம் மாடியில் மட்டும் கதவு வெகுநேரம் திறந்தே கிடந்தது. ஏறியவர்களையெல்லாம் காரணமில்லாமல் அதட்டினாள். சோற்றுப் பொட்டலத்தைத் தொடவில்லை.

சாயங்காலம் அந்த மகள் வந்தாள். அடைப்பை எடுத்துவிட்டார்களாம், டாக்டர் அம்மாவிடம் பெயர் கேட்டாராம்.

"பேரச் சொன்னாங்கக்கா. அப்புறம் என்னைய ஒரு பாட்டம் திட்டினாங்க, மூச்சு விடாம."

லிஃப்டக்கா அவளைக் கீழே இறக்கிவிட்டு, காலி லிஃப்டை மேலே கிளப்பி, இரண்டு மாடிகளுக்கு நடுவே நிறுத்தினாள். மேலேயும் கீழேயும் யார் யாரோ மணியை அடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.