வாயால் சொன்ன விலை

காரிமங்கலம் சந்தையில் மாட்டுத் தரகு செய்யும் நூர் பாஷாவுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றாம் வருஷம் நெஞ்சுப் படத்தில் நுரையீரலில் ஒரு கட்டி தெரிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். கெட்ட கட்டி இல்லை, காசமும் இல்லை. ஆனால் ஊசி குத்திய இடத்தில் காற்றுக் கசிந்து நுரையீரலின் ஓரம் கொஞ்சம் சுருங்கிவிட்டது. தானாக விரிந்துவிடும், வீட்டில் படுத்திருந்தால் போதும் என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

டாக்டர் விட்டாலும் ஊர் விடுமா? நுரையீரல் என்றதுமே காசம் என்று முடிவு கட்டிவிட்டது. பார்க்க வந்தவர்கள் ரொட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு நடையைக் கட்டினார்கள். டீக்கடையில் இவருக்கென்று தனி கிளாஸ் ஒதுக்கியாகிவிட்டதாம். மூச்சை இழுத்தால் விலாவில் சுருக்கென்றது. வாய்விட்டுத் திட்டக்கூட மூச்சுப் போதவில்லை.

தொழில்தான் அவருக்குப் பெரிய கவலை. மாட்டுச் சந்தையில் விலையை யாரும் வாயால் சொல்வதில்லை. துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். கையைத் தொட ஆளில்லாதவன் என்ன தரகன்? மாயவனாவது வருவான் என்று நம்பியிருந்தார். இண்டூரில் அவன் கட்டிய ஏர்மாடெல்லாம் இவர் பிடித்துக் கொடுத்தவை.

மாயவன் வந்தான். படியேறவில்லை. மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு வெயிலில் நின்றான்.

"பாய், மாட்டு ஜோடிய வித்துடலாம்னு இருக்கேங்க. ஆயிரம் வந்தாப் போதும். ஆள் இருந்தா சொல்லியனுப்புங்க."

தெருவுக்கே கேட்டது. நூர் பாஷாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. விலாவைப் பிடித்துக்கொண்டு திண்ணைக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"என்னிக்குடா எங்கிட்ட வாயால வெல சொன்ன? தெருவுல நின்னு ஏலம் வுடறியா? பயமா இருந்தா காளியப்பங்கிட்டப் போ. அவனும் தரகன்தான். என் வாசல்ல நின்னு என்னை அசிங்கப்படுத்தாத."

அதற்குமேல் மூச்சு வரவில்லை.

"வூட்டுல கைக்கொழந்த இருக்குதுங்க பாய்," என்றான் மாயவன், தலையைக் குனிந்தபடி.

நூர் பாஷாவின் மனைவி அமீருன்னிசா வெளியே வந்தாள். அவர் குடித்து மீதி வைத்திருந்த டீயை எடுத்து, மாயவன் பார்க்கவே குடித்துவிட்டு உள்ளே போனாள்.

மாயவன் செருப்பைக் கழற்றினான். கட்டிலோரம் வந்து உட்கார்ந்து, மூக்கிலிருந்த துண்டை எடுத்துக் கையின்மேல் போட்டு நீட்டினான்.

நூர் பாஷா துண்டுக்கடியில் கையை விட்டார். மாயவனின் விரல்கள் வேர்த்திருந்தன. விலைதான் தெருவுக்கே தெரிந்துவிட்டதே, இனி பேச என்ன இருக்கிறது? ஆனாலும் தெருவில் சொன்ன அதே விலையை அவன் விரலால் சொல்லும்வரை அவர் கையை விடவில்லை.