அக்கா எனக்கு வாசித்துக் காட்டாதவை

தி.நகரில் ஒரு சந்துக்குள் இருக்கும் சின்னப் புடவைக் கடையில் வேலை பார்க்கிறேன். கொரோனாவுக்குப் பிறகு கடைக்கு ஆள் வருவது குறைந்தபோது, ஃபேஸ்புக்கில் லைவ் போட்டு விற்கலாம் என்று முதலாளி முடிவு செய்தார். "நீதான் நல்லா பேசுவே, நீயே நில்லு" என்று என்னைக் கேமரா முன்னால் நிறுத்தினார். நான் நல்ல கறுப்பு. கல்யாண போட்டோக்களில்கூட யாரும் என்னை முன்வரிசைக்குக் கூப்பிட்டதில்லை. அதனால் அன்று கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

எதிரே ஸ்டூலில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், பேக்கிங் பார்க்கும் அக்கா. ராயப்பேட்டைக்காரர். வீட்டில் உருது, கடையில் எங்களோடு மெட்ராஸ் தமிழ். தினமும் மதியம் மூன்று மணிக்கு நான் புடவையைப் பிரித்துத் தோளில் போட்டுக் காட்டுவேன். போன் திரை அக்கா பக்கம்தான் இருக்கும். வருகிற கேள்விகளை அவர் சத்தமாக வாசிப்பார். "ப்ளவுஸ் துணி கீதான்னு கேக்குறாங்கோ." "அந்த மஞ்சளை இன்னொரு வாட்டி காட்டச் சொல்றாங்கோ." இப்படியே எட்டு மாதம் போனது.

ஒரு நாள் மகளின் காலேஜ் அட்மிஷனுக்காக அக்கா லீவு. நானே போனை ஸ்டாண்டில் மாட்டி, திரை என் பக்கம் தெரியும்படி திருப்பி வைத்தேன். இரண்டாவது புடவையிலேயே ஆரம்பித்துவிட்டது. கரிச்சட்டிக்குப் பட்டு எதுக்கு என்றான் ஒருவன். ஆப்பிரிக்காவிலிருந்து இறக்குமதியா என்றான் இன்னொருவன். புடவையின் விலையை விட்டுவிட்டு என் விலையைக் கேட்டவனின் ப்ரொஃபைல் படத்தில், மடியில் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது. மிச்சப் புடவைகளை எப்படிக் காட்டி முடித்தேனோ தெரியவில்லை. முடித்ததும் ட்ரையல் ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன்.

மறுநாள் அக்காவிடம் கேட்டேன். "தினமும் இப்படித்தான் வருமாக்கா?"

புடவை மடிப்பதை அவர் நிறுத்தவில்லை. "வரும். அழிச்சுடுவேன். ஆளையும் லைவ்லேர்ந்து தூக்கிடுவேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ நிப்பியா? புடவையைக் காட்டச்சொல்லோ ஒன் மூஞ்சில ஒரு சந்தோசம் வரும்டி. அத்த எவனோ புடுங்கிக்கினு போவணுமா?"

ஒருமுறை பின்னாலிருந்த கண்ணாடியில் அக்காவின் முக்காடு தெரிந்துவிட்டதாம். அன்று அவருக்கும் வசவு விழுந்திருக்கிறது. "பாகிஸ்தானுக்குப் போன்னு சொல்றான். நான் ராயப்பேட்டை தாண்டி தி.நகர் வர்றதுக்கே பஸ்ஸுக்கு அரை மணி நேரம் நிக்கறேன்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயம் முதலாளிக்குப் போனது. "கொஞ்சம் கலரா ஒரு பொண்ணைப் போட்டுடலாம்மா. உனக்கும் நிம்மதி" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் தலையாட்டக்கூடத் தயாராக இருந்தேன்.

அக்காதான் குறுக்கே வந்தார். "அப்போ அவனுங்கோ சொன்னது சரின்னு நாமளே ஒத்துக்கினா மாதிரி ஆவாதா மொதலாளி? செவப்பா ஒருத்தி நின்னா அவளை மட்டும் வுட்டுடுவானுங்களா? நாளைக்கு ஒரு நாள் நீங்களே போனைப் புடிச்சுப் பாருங்கோ."

அவரும் பிடித்தார். பத்து நிமிடத்தில் அவர் காது சிவந்துபோனது. மாற்றுவது பற்றி அப்புறம் பேசவேயில்லை. மோசமானவற்றைப் படம் எடுத்து, என்னையும் அக்காவையும் அழைத்துக்கொண்டு சைபர் கிரைமில் புகார் கொடுத்தார். ஒரு கணக்கு காணாமல் போனது. மற்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள், புதுப்புதுப் பெயர்களில். இப்போது அக்காவும் முதலாளியும் நாள் மாற்றி நாள் போன் பிடிக்கிறார்கள். என்ன வந்தது என்று நான் கேட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். பெரும்பாலும் நான் கேட்பதில்லை.

போன மாதம் அடையாறிலிருந்து ஓர் அம்மா மகளோடு கடைக்கு வந்தார். அந்தப் பெண்ணும் என் நிறம். "நீங்க தோள்ல போட்டுக் காட்டினதைப் பார்த்துட்டுத்தான் மஞ்சள் வேணும்னு சொன்னா. இதுவரைக்கும் அந்தக் கலர் பக்கமே போனதில்ல" என்றார். அந்தப் பெண் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாள்.

அவர்கள் போனதும் பேக்கிங் மேஜைக்குப் போய், "ரொம்ப தேங்க்ஸ்க்கா" என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எட்டு மாதம் அத்தனையையும் தனியாகப் படித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சமைத்து, மறுநாள் சிரித்துக்கொண்டே வந்தவர் அவர்.

"இன்னாத்துக்குடி?" என்றார் அக்கா. நான் பதில் சொல்வதற்குள் அழுதுவிட்டேன். அவர் எழுந்து வந்து என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.