கொன்றை குயினைப் பார்க்கச் சேரப்பணஞ்சேரி போன சனிக்கிழமை

"குதிரை பார்க்க ஊட்டிக்குப் போவார்கள். ஒரகடத்துக்கு யாராவது போவார்களா?" என்று வீட்டில் கேட்டார்கள். நான் போனேன், போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்களும் அதையே கேட்பீர்கள்.

சில வருடங்களுக்கு முன் ஊட்டி சீசனில் தூறலுக்கு ஒதுங்கப் போய் ரேஸ் கேலரியில் மாட்டிக்கொண்டேன். கோல்டன் கொலுசு என்று ஒரு பெண் குதிரை. கடைசி வளைவு வரை எல்லோருக்கும் பின்னால் சாவகாசமாக வந்துவிட்டு, பிறகு ஏதோ ஞாபகம் வந்ததுபோல் ஓடி எல்லோரையும் தாண்டிப் போனது. பந்தயம் கட்டும் பழக்கம் எனக்கு இல்லை, ஆபீஸ் கிரிக்கெட் பந்தயத்தில்கூடச் சேரமாட்டேன். ஆனால் அந்தக் குதிரை மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. அதன் பூர்வீகத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

பந்தயத்தில் ஓடும் தரோபிரெட் இனத்தில் வம்சாவளி இல்லாத குட்டியே கிடையாது. அது ஒரே பக்கத்தில் அச்சாகியிருக்கும்: மேல் பாதி அப்பா வழி, கீழ் பாதி அம்மா வழி. அப்பா குதிரைக்கு ஊரெல்லாம் பிள்ளைகள் இருக்கும் என்பதால், இரண்டு குட்டிகளுக்கு அப்பா ஒன்று என்றால் குதிரைக்காரர்கள் அதை உறவாகவே கணக்கில் எடுப்பதில்லை. அம்மா ஒன்றாக இருந்தால்தான் அண்ணன் தம்பி, அக்கா தங்கை. இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்துப்போய், அன்றிலிருந்து பக்கத்தைக் கீழேயிருந்துதான் படிக்கிறேன். கொலுசின் பக்கத்தில் கீழ் வரியில் இருந்த பெயர் கொன்றை குயின், அவளுடைய அம்மா.

கொன்றை குயின் ஓடிய காலத்தில் பெரிதாக ஒன்றும் ஜெயிக்கவில்லை. ஆனால் அவள் பெற்ற பிள்ளைகள் ஒவ்வொன்றும் ஓடின. என்ன, கொலுசைத் தவிர எல்லாமே ஆண். அவற்றில் பெரும்பாலானவற்றைப் பந்தயத்துக்காகக் காயடித்துவிட்டார்கள். ஆக, குயினின் பெண் வழி இறங்கினால் கொலுசு ஒருத்தி மூலமாகத்தான் இறங்க வேண்டும். அம்மாவும் பெண்ணும் இப்போது சேரப்பணஞ்சேரிக்குப் பக்கத்தில் சிசிலியா அக்கா என்பவரின் சின்னப் பண்ணையில் இருப்பதாக எனக்குத் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். போன் செய்தேன். "ரெண்டு பேரும் மாசமா கீறாங்கம்மா. பிப்ரவரில வா, குட்டியோட பாக்கலாம்" என்றார் அக்கா.

தாம்பரத்தில் காலை ஆறே முக்காலுக்குச் செங்கல்பட்டு லோக்கல், டிக்கெட் பத்து ரூபாய். நாற்பது நிமிடத்தில் சிங்கப்பெருமாள் கோவில். ஸ்டேஷன் வாசலிலேயே ஷேர் ஆட்டோ நிற்கிறது. ஒரகடம் கூட்ரோடுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர், ஆளுக்கு முப்பது ரூபாய். என்னோடு ஏறியவர்கள் எல்லோரும் கழுத்தில் அடையாள அட்டையோடு, உட்கார்ந்த வேகத்தில் தூங்கிவிட்டார்கள். டிரைவருக்குப் பேச ஆள் நான்தான்.

"எந்த கம்பெனி மேடம்?"

"கம்பெனி இல்லைங்க. குதிரை பார்க்கப் போறேன்."

கண்ணாடியில் என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். "குதிரையா? இங்க ஃபோர்க்லிஃப்ட்தான் கீது மேடம்."

இடத்தைச் சொன்னதும் அவருக்கு என் மேல் பரிதாபமே வந்துவிட்டது. "தாம்பரத்துலர்ந்து படப்பை வழியா பஸ்ஸு ஒண்ணு புடிச்சிருந்தா நேரா எறக்கி வுட்ருப்பான். இன்னாத்துக்கு மேடம் இப்டி சுத்திகினு வந்தீங்க?" என் போனில் உள்ள மேப்பைத்தான் அவர் கேட்க வேண்டும். ஒரகடத்திலிருந்து மறுபடி தாம்பரம் பக்கமே பஸ் ஏறி, ஆறு கிலோமீட்டர், பத்து ரூபாய். அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர் நடை. ஒரு பக்கம் கம்பெனி மதில், இன்னொரு பக்கம் விற்பனைக்குப் போகாத புதுக் கார்கள் வரிசை வரிசையாக வெயிலில். அதைத் தாண்டினால் சவுக்கு வேலி. அதுதான் பண்ணை.

உள்ளே நுழைந்ததும் கொடியில் ஒரு பழைய நீலப் போர்வை காய்ந்துகொண்டிருந்தது, பின்னால் லாயம், அதற்கும் பின்னால் காற்றாலைக் கம்பம்போல் உயர்ந்த கம்பெனிப் புகைபோக்கி. போனில் ஒரு படம் பிடித்தேன், நன்றாக வந்தது.

சிசிலியா அக்காவுக்கு அறுபது வயதிருக்கும். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "நல்ல நாள் பாத்து வந்த போ" என்றார். பிறகுதான் விஷயம் வந்தது. செவ்வாய்க்கிழமை கோல்டன் கொலுசு ஒரு பெண் குட்டி ஈன்றிருக்கிறாள். ரத்தப்போக்கு நிற்கவில்லை, டாக்டர் வந்தும் பிழைக்கவில்லை. நேற்றுக் காலை கொன்றை குயினுக்கும் பிரசவம். ஆண் குட்டி, செத்தே பிறந்தது.

அங்கே கவிழ்த்துப் போட்டிருந்த வாளி மேல் உட்கார்ந்து அழுதேன். நான் வளர்த்த குதிரையா, என்னைத் தெரியுமா அதற்கு, ஒன்றும் கிடையாது. இருந்தாலும் அழுகை வந்தது. அக்கா என்னைத் தேற்றவில்லை. தட்டு வைக்காமல் டீ டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு வேலையைச் சொன்னார்.

குட்டி பாட்டில் பாலைத் துப்பிவிடுகிறது. நான்கு நாளில் எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. பக்கத்துக் கொட்டடியில் கொன்றை குயினுக்கு மடி கட்டிப் பால் சொட்டுகிறது. இவளை அவளிடம் விட வேண்டும். ஆனால் பெற்ற குட்டி இல்லையென்றால் குதிரை உதைத்தே கொன்றுவிடும், பேத்தி என்றெல்லாம் அதற்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது வாசனை மட்டும். செத்த குட்டியின் தோலை உரித்து உயிருள்ள குட்டி மேல் போர்த்துவது பழைய வழக்கமாம். "தோல உரிக்க எனக்கு மனசு வர்ல, நேத்தே பொதச்சிட்டோம். அதைத் தொடச்ச போர்வையை அப்டியே எடுத்து வச்சிருக்கேன். ஈரம், ரத்தம், எல்லாம் அதுல கீது. அதைப் போத்தி வுடப்போறோம். இன்னிக்கு ஏத்துக்கலைன்னா நாளைக்கு இதுக்கு நிக்கவே தெம்பிருக்காது."

லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் தேவராஜ் அண்ணன் பின்பக்கம் போனவர் வெறுங்கையோடு ஓடி வந்தார். "அம்மா, போர்வைய காணோம்மா!"

போனை எடுத்து, நான் பிடித்த படத்தைக் காட்டினேன்.

பின்னால் அக்கா வாடகைக்கு விட்டிருக்கும் அறைகளில் ஒன்றிலிருந்து தலைக்குத் துண்டு கட்டிய ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். பேச்சியம்மாள், கோவில்பட்டிப் பக்கம், கார் ஒயர் செய்யும் கம்பெனியில் நைட் ஷிப்ட். "நாந்தாம்க்கா தொவச்சேன். ஷிப்ட் முடிஞ்சு வாரேன், ரத்தமா நாறிக்கிட்டுக் கெடந்துச்சு. ரெண்டு நாளா நீங்க சாப்பிடக்கூட இல்ல, இந்த வேலையாவது நாம செய்வோம்னு சோப்பு போட்டு நல்லா அடிச்சித் தொவச்சிட்டேன்."

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அக்கா போர்வையை முகர்ந்து பார்த்தார். எலுமிச்சை வாசனை அடித்தது.

குயினின் பாலையே கொஞ்சம் கறந்து, அவள் சாணத்தோடு சேர்த்துக் குட்டியின் முதுகிலும் வாலடியிலும் தடவினார்கள். தேவராஜ் அண்ணன் குயினின் முன்னங்காலை மடக்கிப் பிடித்துக்கொண்டார். மூன்று காலில் நிற்கும் குதிரை உதைக்க முடியாது. அக்கா குட்டியை மெல்ல நகர்த்தினார். குயின் முகர்ந்தாள். காது இரண்டும் பிடரியோடு ஒட்டிக்கொண்டன. ஒரு கீச்சல், பல்லைக் காட்டிக்கொண்டு திரும்பிய வேகத்தில் தேவராஜ் அண்ணன் தட்டுத்தடுமாறி விழுந்தார். குட்டியை அக்கா இழுத்திராவிட்டால் அதன் தாடை போயிருக்கும். குட்டி வைக்கோலில் படுத்துவிட்டது. எழுப்பினால் எழவில்லை.

"இனிமே தைலம்தான்" என்றார் அக்கா. குயினின் மூக்கில் தைலம் பூசினால் எந்த வாசனையும் தெரியாது. ஆனால் தைல நெடி போன பிறகு இரவில் அவள் என்ன செய்வாள் என்று யாருக்கும் சொல்லத் தெரியாது. அக்கா பாட்டிலைத் திறந்துவிட்டார்.

வாசலில் நின்ற பேச்சியம்மாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ஏங்க்கா, அந்தத் துணி அலசுன தண்ணி ஆகாதா?"

"எந்தத் தண்ணி?"

"சோப்பு போடுறதுக்கு முன்னால வெறுந்தண்ணியில முக்கி அலசுனேம்லா, அது. எங்கூர்ல அலசுன தண்ணியக் கீழ ஊத்த மாட்டோம்க்கா, செடிக்கு ஊத்த வச்சிக்கிடுவோம். அப்படியே வாளியிலதான் கெடக்கு."

தேவராஜ் அண்ணன் வாளியைத் தூக்கி வந்த வேகத்தில் பாதி கொட்டிவிடுமோ என்று பயந்தேன். செம்மண் நிறத்தில் தண்ணீர், முகர்ந்தால் எனக்கே குமட்டியது. அக்கா தைலத்தை மூடி இடுப்பில் செருகினார். குட்டியை வெந்நீரில் துடைத்து, பிறகு பேச்சியம்மாளும் அக்காவும் அந்தத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத் தலை முதல் வால் வரை பூசினார்கள். லாயத்துச் சுவரில் இருந்த அந்தோணியார் படத்தைப் பார்த்து அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். நான் முருகனைக் கூப்பிட்டேன்.

குட்டியைத் தூக்கித்தான் நிறுத்த வேண்டியிருந்தது. குயின் முகர்ந்தாள். விட்டாள். மறுபடி முகர்ந்தாள், வாலடியில், காதுக்குப் பின்னால், நெற்றியில். காது முன்னால் வந்தது. பிறகு மூக்குக்குள்ளேயே தாழ்வாக ஒரு சத்தம். பெற்ற குட்டிக்கு மட்டும் கொடுக்கும் சத்தம் அது என்று அக்கா அப்புறம் சொன்னார். கழுத்தை நீட்டிக் குட்டியின் முதுகை நக்கினாள். குட்டி தட்டித் தடவி மடியைக் கண்டுபிடித்துச் சப்பிய சத்தம் லாயம் முழுக்கக் கேட்டது.

பேச்சியம்மாள் ஓவென்று அழுதாள். "தூங்கப் போடி, ராத்திரி ஷிப்டுக்குப் போவணும்ல" என்று அக்கா அதட்டினார்.

சாயங்காலம் வரை அங்கேயே இருந்தேன். கொன்றை குயினை நான் நிதானமாகப் பார்த்தது அப்போதுதான். முதுகு உள்வாங்கிய, முகமெல்லாம் நரைத்த செம்பழுப்புக் கிழவி. குட்டியின் நெற்றியில் கொலுசுக்கு இருந்த அதே வெள்ளைக் கீற்று. அதன் ரத்தத்தைச் சோதித்து, வம்சாவளியில் பதிவார்கள். அம்மா என்ற இடத்தில் கோல்டன் கொலுசு, அதற்குக் கீழே கொன்றை குயின். பால் கொடுத்தவள் என்று அந்தப் பக்கத்தில் ஒரு கட்டமே கிடையாது. இத்தனை வருடம் படித்தும் அது எனக்குத் தோன்றியதே இல்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தாம்பரத்திலிருந்து படப்பை வழி பஸ்ஸில் போங்கள், என்னைப்போல் சுற்றாதீர்கள். கம்பெனி ஷிப்ட் மாறும் நேரத்தில் அந்த ரோட்டில் மாட்டினால் பஸ்ஸை விட நடை வேகம். முன்கூட்டியே போன் செய்யாமல் போகவேண்டாம், எனக்கு எழுதினால் அக்காவைக் கேட்டுவிட்டு அவர் எண்ணைத் தருகிறேன். கேரட் கொடுப்பதானால் அக்காவைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். சென்ட் போட்டுக்கொண்டு போகாதீர்கள், காரணம் இப்போது உங்களுக்கே தெரியும்.

குட்டிக்குப் பந்தயப் பெயர் இன்னும் வைக்கவில்லை. வீட்டுப் பெயர் சோப்பு. பேச்சியம்மாளைச் சீண்டுவதற்காகத் தேவராஜ் அண்ணன் வைத்தது, ஒட்டிக்கொண்டது. வேலிக்கு வெளியே நின்று "சோப்பு" என்று கூப்பிட்டுப் பாருங்கள். குட்டி வராது, அதற்கு விளையாட்டுதான் முக்கியம். கொன்றை குயின்தான் தலையைத் தூக்கி, யார் என் பிள்ளையைக் கூப்பிடுவது என்று பார்ப்பாள்.